தாழுக்கு அடியில் சிவப்பு

ஜேடர்பாளையம்,
14-2-1939, செவ்வாய்

அன்புள்ள தம்பி சென்னிமலைக்கு, அக்கா கமலவேணி எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். உங்களை நலம் விசாரித்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்க வேண்டும். நீயும் ராமாத்தாளும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, மனதை அரிப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் மாமாவின் பிஸ்டல் திரும்பி வந்துவிட்டது. பதினைந்து மாதம் போலீஸார் வைத்திருந்தார்கள். இழுப்பறையிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போடும்போது தவறி வெடித்து அவர் உயிர் போனது என்று முடிவு எழுதி, லைசென்ஸை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இது ஆற்றோரத்துத் தனி வீடு. பொங்கலுக்கு முன்னால் அக்கரையில் ஒரு வீட்டில் திருடர்கள் புகுந்து ஆளை வெட்டிப் போட்டார்கள். இங்கே இருப்பது நானும் பின்கட்டில் இருந்து வீட்டு வேலை பார்க்கும் ஆராயியும்தான். வயலைப் பார்க்கும் பச்சமுத்து பொழுது சாய்ந்தால் தன் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

அவர் வைத்திருந்தது போலவே தோட்டா ஏற்றி, பக்கவாட்டில் இருக்கும் தாழை மேலே தள்ளி வைக்கிறேன். மேலே இருந்தால் சுடாது, கீழே இறக்கினால் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அப்போதுதான் சுடும் என்று நீதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாய். இன்று பார்த்தபோது தாழ் கீழே இருந்தது. அந்தப் புள்ளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இது மூன்றாம் தடவை.

அவர் போன அன்றும் தாழ் கீழேதான் இருந்தது என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறார்.

துப்பாக்கிக் கடையில் வேலை செய்கிறவன் நீ. இது பழுதா? வேறு வாங்கலாமா? உடம்பைப் பார்த்துக்கொள். மெட்ராஸில் வெயில் ஆரம்பித்திருக்கும்.

உன் அக்கா,
கமலவேணி

---

சென்னை,
20-2-1939

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சென்னிமலை வணங்கி எழுதிக்கொண்டது.

நாங்கள் சுகம். சின்னவனுக்குப் பல் முளைக்கிறது, வீட்டில் ஒரு சாமானும் தப்பவில்லை.

இந்தக் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தோட்டாவை எல்லாம் வெளியே எடு. தோட்டாக் கூட்டில் இருப்பதை மட்டுமல்ல, குழலுக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கும், அதையும். எடுத்துத் தனி டப்பாவில் போட்டுப் பூட்டு. பிறகு வந்து மேலே படி.

எடுத்தாயிற்றா? இப்போது தாழை மேலே தள்ளி, பிஸ்டலை மேசைமேல் நாலு தட்டுத் தட்டிப் பார். தானாக இறங்கினால் உள்ளே வில் தளர்ந்திருக்கிறது. இறங்காவிட்டால் எனக்கு எழுது. என்றென்றைக்கு இப்படி நடக்கிறது என்று காலண்டரில் குறித்து வை.

வேறு வாங்குவதானால் விஷயம் இதுதான். உன்னிடம் இருக்கும் இங்கிலீஷ் பிஸ்டலில் தோட்டாவை அடிக்கும் குதிரை எப்போதும் பின்னால் இழுத்தபடி நிற்கும். அதைத் தடுத்து வைத்திருப்பது அந்தத் தாழ் ஒன்றுதான். இப்போது ஜெர்மன் பிஸ்டல் ஒன்று வருகிறது. அதன் தாழைத் தள்ளினால் குதிரையே இறங்கி உட்கார்ந்துவிடும், தோட்டாவைத் தொடாமல். மறுபடி தாழைத் திறந்தாலும் குதிரை கீழேதான் கிடக்கும். அழுத்தமாக, நீளமாக விசையை இழுத்தால்தான் முதல் குண்டு போகும். பையில் துணி மாட்டினதற்கெல்லாம் வெடிக்காது. முதலாளிக்குப் பிடிக்காது, "குறி தவறும்" என்பார். என்னைக் கேட்டால் அதையே வாங்கு.

ஆராயியையும் பச்சமுத்து அண்ணனையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
சென்னிமலை

---

ஜேடர்பாளையம்,
5-3-1939

அன்புள்ள சென்னிமலைக்கு,

பேரப்பிள்ளை இல்லாத வீட்டிலிருந்து உன் பல் முளைத்த மகனுக்கு ஒரு முத்தம். நான் சௌக்கியம்.

நீ சொன்னபடி தோட்டாவை எடுத்துப் பூட்டிவிட்டேன். பச்சமுத்துவைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் அதைத் தொடுவதற்கு முன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, குண்டு இல்லீங்களே?"

"இல்லை. நானே எடுத்தேன்."

"எடுத்தீங்க, செரி. எண்ணுனீங்களா?"

எண்ணிக் காட்டிய பிறகுதான் தட்டினார். தாழ் அசையவே இல்லை. பிறகு அதை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது மாட்டுக் கொட்டாயித் தாப்பாளாட்டம் இருக்குதுங்க. ஆரோ ஒருத்தரு வெரலு வெச்சுத் தள்ளோணும்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று உனக்குத் தெரியாது. அவர் கையாலேயே தாழை இறக்கிக்கொண்டார், கௌரவத்துக்காக விபத்து என்று எழுதி வாங்கினோம் என்கிறார்கள். நான் அதற்கு ஒருவருக்கும் பதில் சொன்னதில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்ல?

இதற்குப் பிறகும் இரண்டு தடவை தாழ் இறங்கியிருந்தது. குறித்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். இந்த ஜெர்மன் பிஸ்டல் அப்போதே உங்கள் கடையில் இருந்ததா? இருந்திருந்தால் அவருக்கு ஏன் அதைக் கொடுக்கவில்லை?

ராமாத்தாளுக்கு என் அன்பு.

கமலவேணி

---

சென்னை,
2-5-1939

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். பெரியவளுக்கு அம்மை போட்டு இறங்கியது. இப்போது தேவலை, எழுந்து சண்டை போடுகிறாள்.

தாழில் பழுதில்லை என்றால் நல்லதுதான். காற்று, எலி, இழுப்பறையை இழுக்கும்போது அடிபடுவது, இப்படி ஏதாவது இருக்கும். நீ தனியாக இருந்து யோசித்துக்கொண்டே இருக்காதே. ஜெர்மன் பிஸ்டலுக்கு மனுப் போட்டுவிடு. கலெக்டர் ஆபீஸுக்கு எப்படி எழுத வேண்டும் என்று தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

வேலை அதிகம். மற்றவை பின்னால்.

சென்னிமலை

---

ஜேடர்பாளையம்,
17-5-1939

அன்புள்ள சென்னிமலைக்கு,

குழந்தைக்கு அம்மை இறங்கியது கேட்டு நிம்மதி. தலைக்கு ஊற்றின தேதியைச் சொன்னால் இங்கே மாரியம்மன் கோயிலில் ஒரு மாவிளக்குப் போடுகிறேன்.

எலிக்குக் கட்டைவிரல் கிடையாது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கவனிக்காமல் விட்டிருந்தால் அதைப்பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. கவனித்ததால்தான் அதைச் சுற்றி வந்திருக்கிறாய். காலேஜில் இரண்டு வருஷம் தர்க்க சாஸ்திரம் படித்த பலன் இவ்வளவுதான், தம்பி கடிதத்தில் எது இல்லை என்று பார்ப்பது.

நானும் உனக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. அவர் போனதற்கு முந்தின நாள் விஜயதசமி. அன்று மாலைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. காலையில் அவருக்குக் காபியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். டம்ளர் வைக்கிற சத்தம்தான் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது.

தாழ் இந்த மாதம் நான்கு தடவை இறங்கியிருந்தது.

கமலவேணி

---

சென்னை,
21-7-1939

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதத்தில் இந்தக் கடிதத்தை ஐந்து தடவை ஆரம்பித்திருக்கிறேன். ராமாத்தாள் குப்பையிலிருந்து ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, "அக்காவுக்கே எழுதாம கூடைக்கு எதுக்கு எழுதறீங்க" என்றாள். வீட்டில் எல்லோரும் சுகம்.

இரண்டும் இருந்தன, அக்கா. கண்ணாடிப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மாமா ஜெர்மன் பிஸ்டலைத்தான் முதலில் கையில் எடுத்தார். விசையை இழுத்துப் பார்த்து, "கெணத்துல தண்ணி சேந்தறாப்பல இருக்குதே" என்று சிரித்தார். இங்கிலீஷ் பிஸ்டல் லேசாக இருந்தது. அவருக்குச் சந்தேகம். குதிரை எழும்பி நிற்கிறதே, இதை வீட்டில் வைக்கலாமா என்று என்னைக் கேட்டார். என்னைத்தான் கேட்டார். கடையில் வேறு யாரும் இல்லை.

"கவலையே படாதீங்க மாமா. தாழ் மேலே இருக்கிற வரைக்கும் இது வெறும் இரும்பு" என்றேன்.

அன்று மத்தியானம் எனக்குப் பசி. முதலாளி சாப்பாட்டுக்குப் போயிருந்தார். சீக்கிரம் முடிந்தால் நானும் மாமாவும் சாப்பிடப் போகலாம் என்று நினைத்தேன். இவ்வளவுதான் காரணம். வேறு காரணம் இருந்திருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

தினம் யாராவது வந்து பெட்டிக்கு முன்னால் நின்று எது நல்லது என்று கேட்கிறார்கள். எனக்கு வாய் வருவதில்லை. முதலாளி என்னைக் கணக்குப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்.

மாமா தானாகச் செய்துகொள்ளவில்லை, அக்கா. நான் சொன்ன வார்த்தைதான் அவரைச் சுட்டது.

சென்னிமலை

---

ஜேடர்பாளையம்,
5-8-1939

அன்புள்ள சென்னிமலைக்கு,

உன் கடிதம் ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. ஆடிப் பெருக்கன்று தடுப்பணைக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முளைப்பாரி விட வந்த பெண்கள் ஆற்றங்கரை முழுக்க. நான் உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு படித்துறைக்கு மேலேயே நின்றேன். சுகமாக இருக்கிறேன்.

நீ மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. உனக்குப் பசித்தது, அவருக்கு விசை லேசாக இருப்பது பிடித்தது. இதில் யாரைப் பிடித்து நிறுத்துவது? ஆனால் தாழ் மேலேதான் இருந்திருக்கும், சென்னிமலை. அவர் விளக்குத் திரியைக்கூட இரண்டு தடவை இறக்கிப் பார்த்துவிட்டுத் தூங்குகிறவர். ஒரு கை அதை இறக்கியிருக்கிறது. உன் வார்த்தைக்கும் அந்தக் குண்டுக்கும் நடுவில் ஒரு கை இருக்கிறது. அது யாருடையது என்று தெரிந்தால் நீ தூங்குவாய். நானும்.

பிஸ்டலை இன்று டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். ஆராயி இந்த மாதம் இருபதாம் தேதி வாக்கில் மகள் பிரசவத்துக்கு வாழப்பாடி போகிறாள். "அம்மிணி தனியா இருந்துக்குவீங்களா" என்று பத்து தடவை கேட்டுவிட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

கமலவேணி

---

ஜேடர்பாளையம்,
28-8-1939, திங்கள்

சென்னிமலைக்கு,

நான் சுகம். உடனே எழுதுகிறேன்.

ஆராயி போய் எட்டு நாள் ஆகிறது. பச்சமுத்துவுக்குக் காய்ச்சல், மூன்று நாளாக வரவில்லை. வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது, நானே காலையில் திறந்தேன். டிரங்குப் பெட்டிப் பூட்டு போட்டபடி இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது.

திறந்து பார்த்தேன். தாழ் கீழே இருக்கிறது.

இத்தனை நாளில் பூட்டின பெட்டிக்குள் நடந்தது இது ஒன்றுதான்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

கமலவேணி

---

சென்னை,
6-9-1939

அன்புள்ள அக்காவுக்கு,

யுத்தம் அறிவித்துவிட்டார்கள், கேள்விப்பட்டிருப்பாய். நாங்கள் சுகமாக இருக்கிறோம். கடையில் ஜெர்மன் சாமான் எதையும் இனி வெளியே வைக்கக் கூடாது என்று முதலாளி எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பிஸ்டல் ஒன்றே ஒன்று மிச்சம். இனி வராது. என் முகத்துக்காக ஆயுத பூஜை கழியும்வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றார்.

அக்கா, உன் கடைசிக் கடிதத்தை ராமாத்தாளுக்குக் காட்டவில்லை. நீ கிளம்பி இங்கே வந்துவிடு. வராவிட்டால் அந்தப் பிஸ்டலையாவது மாற்று. யாருடைய கையானாலும் சரி, தாழை இறக்கினாலும் குதிரை எழும்பியே நிற்கிற சாமான் உன் வீட்டில் இருக்க வேண்டாம். இந்தத் தடவை நான் சொன்னதால் வாங்காதே. நீயே தீர்மானித்து எழுது.

யாருடைய கை என்று தெரிந்தால் நான் தூங்குவேன் என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். எனக்குத் தெரிய வேண்டும்.

சென்னிமலை

---

ஜேடர்பாளையம்,
24-10-1939, செவ்வாய்

அன்புள்ள சென்னிமலைக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. ஆனாலும் நீங்கள் எல்லோரும் சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வருகிறது.

சனிக்கிழமை ஆயுத பூஜை. அரிவாள், மண்வெட்டி, கலப்பைக் கொழுவோடு பிஸ்டலையும் டிரங்கிலிருந்து எடுத்து வைத்தேன். அவர் இருந்தபோதும் வைப்பதுதான். பேத்தி பிறந்து திரும்பி வந்திருந்த ஆராயி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மறுநாள் காலை, துருப்பிடிக்குமே என்று எண்ணெய்த் துணியால் பிஸ்டலை மட்டும் துடைத்தேன். விளக்குமாற்றோடு உள்ளே வந்தவள் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க அம்மிணி, நீங்களும் அளிச்சுப்புட்டீங்களா?"

"நீங்களும் என்றால்? வேறு யார் அழித்தது?"

"ஐயாதானுங்க. போன வருசத்துக்கு முந்தின வருசம், பூசைக்கு மக்யா நாளு, இதே மாதிரி தொடச்சுப் போட்டாருங்க. சாமிக்கு முன்னால வெச்ச பொட்டு. எனக்கு மனசே ஆவுலீங்க."

"பிறகு?"

"அதுலயே ஒரு பொட்டு உள்ளுக்குள்ள இருக்குதுங்களே. ஐயா ஒருக்கா போலீசுக்காரருக்குத் தொறந்து காட்டுனப்ப பாத்தேன். மேல ஒரு மூடியாட்டம். அதைத் தள்ளி உட்டாத் தெரியுதுங்க. செவ்வாய் வெள்ளி கூட்டையில தள்ளி உட்ருவேன். இப்பவுந்தானுங்க. நடுவுல நீங்க பொட்டியில வெச்சுப் பூட்டிட்டீங்க."

நான் எண்ணெய்த் துணியை மேசைமேல் வைத்தேன். அவள் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள். பெருக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மிணிதான் பொட்டில்லாம இருக்கீங்க. அதாச்சும் இருக்கட்டுமுங்க."

அவர் போனது வெள்ளிக்கிழமை, சென்னிமலை. பூஜைக்கு மறுநாள் அவர் பொட்டைத் துடைத்தார், அதற்கு அடுத்த நாள்.

"அந்த வெள்ளிக்கிழமையும் தள்ளிவிட்டாயா?" என்று கேட்டேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவள் நிமிர்ந்தாள்.

"கூட்டறதுக்குப் போனனுங்க. நான் தொறந்தனோ, முன்னாலயே தொறந்து கெடந்துச்சோ, நெனப்பு வல்லீங்க. அன்னிக்கு நடந்ததுல எல்லாம் மறந்து போச்சு. ஏனுங்க?"

"ஒன்றுமில்லை. பெருக்கு."

அவளுக்குத் தெரியாது. அது தாழ் என்றே தெரியாது. பொட்டுக்கு மேல் போட்ட மூடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பிஸ்டலை மறுபடி இழுப்பறையிலேயே வைத்திருந்தேன். இன்று செவ்வாய். காலையில் நான் முதலில் செய்தது, கதவுக்குப் பின்னால் நின்று அவளைப் பார்த்தது. இழுப்பறையைத் திறந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கட்டைவிரலால் தள்ளினாள். பிறகு அதே விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இதை உனக்கு எழுதினால் உன்னை ஆட்டுவிக்கும் வார்த்தை உன்னை விட்டுவிடும். ஊர் வாயும் அடங்கும். ஆனால் ஆராயி ஒரு வாரம்கூட உயிரோடு இருக்க மாட்டாள். போலீஸ் தேவையில்லை, அவளே ஆற்றைப் பார்த்து நடந்துவிடுவாள்.

காலண்டரை எடுத்துப் பார்த்தேன். நான் குறித்ததெல்லாம் செவ்வாய், வெள்ளி. பதினேழு தடவை. ஒன்றே ஒன்று தவிர.

ஆகஸ்ட் இருபத்தெட்டு, திங்கட்கிழமை. ஆராயி வாழப்பாடியில். சாவி என் இடுப்பில்.

அன்று உனக்கு எழுதாமல் விட்டது இது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, எழுந்து பாயில் உட்கார்ந்தபோதே, என் வலது கட்டைவிரலில் துப்பாக்கி எண்ணெய் வாசனை அடித்தது.

விஜயதசமி மாலை நடந்ததையும் உனக்கு முழுக்கச் சொல்லவில்லை. சேலத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாக வரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்திருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு மடித்து, "இந்த ஊட்டுக்கு வெளிய உனக்கு என்ன இருக்குது" என்றார். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே கேட்பது போல. நான் சொன்னேன்: "நீங்கள் இல்லாத ஒரு காலை இருக்கிறது." அவர் இழுப்பறையைத் திறந்து, தாழ் மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினார். நான் நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்தபோது விரலில் என்ன வாசனை இருந்தது என்று நான் முகர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அந்த ஜெர்மன் பிஸ்டல் எனக்கு வேண்டாம். குதிரையைத் தானே இறக்கி வைத்துவிட்டு யாரையும் குற்றம் சொல்லாத சாமான் அது. நல்லதுதான், வேறு யாராவது வாங்கட்டும். இதுவே இருக்கட்டும். தோட்டா டப்பாவை மத்தியானம் கொண்டுபோய் அணைக்கு மேலே ஆழத்தில் போட்டுவிட்டேன். காலிப் பிஸ்டலை அதே இழுப்பறையில், பூட்டாமல் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆராயி வந்து பொட்டைத் திறந்துவிடுவாள். விடட்டும்.

இந்தத் தாளை மடித்துத் தோட்டா டப்பா இருந்த இடத்தில் வைக்கப் போகிறேன். நாளை வேறு தாளில் உனக்கு எழுதுவேன். ராமாத்தாளையும் குழந்தைகளையும் விசாரித்து, ஆராயிக்குப் பேத்தி பிறந்ததைச் சொல்லி, அதற்குக் கீழே ஒரு வரி: சென்னிமலை, அன்று காலை தாழை இறக்கியது நான்தான்.

பொய் சொல்லப் போகிறேன் என்றுதான் இந்தப் பேனாவை எடுத்தேன். இப்போது அந்த வரியை ஒரு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். அதை அடித்துவிட எனக்குக் கை வரவில்லை.